மனசு விட்டுப்போன இரண்டு வீடுகள்

இலங்கை மலையகத்தில் நோர்வூட் தாண்டிப் பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் எந்தத் தோட்டத்தில் இறங்கினாலும் இப்படி ஒரு லயம் கண்ணில் படும். ஒரே தகரக் கூரை, வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. அதில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவரும் தோட்டத்திலேயே பேர் போட்டு நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்கள். அடுத்த வீட்டில் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கணவன் தன் தாயோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கே. முதல் வீட்டு இஸ்தோப்பில் சிமெந்து வெடித்துக் கிடக்கிறது. இரண்டாவதில் டைல்ஸ் பதித்தாயிற்று. நடுவே ஒரே ஒரு சுவர். இவை இன்னாருடைய வீடுகள் என்று யாரும் தேட வேண்டாம். பல வீடுகளில் கண்டதையும் கேட்டதையும் சேர்த்தே இந்த இரண்டையும் எழுதுகிறேன்.

கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் போன பிறகு இந்த இரண்டு பெண்களிடமும் "ரெண்டு பேரும் எப்பிடி இருக்கீங்க?" என்று கேட்டால் பதில் ஒன்றாகத்தான் வரும்: "மனசு விட்டுப்போச்சு." பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்வதில்லை. பிரியப்போகிறேன் என்றும் சொல்வதில்லை. அந்த வாக்கியத்தில் குற்றவாளி யாரும் இல்லை. நெடுநாள் பாரம் தாங்கிய கூடைக் கயிறு இழை இழையாக விட்டுப்போவதைப்போல மனசு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆண்கள் இதையே "வெறுத்துப்போச்சு" என்பார்கள். அதையும் சொல்லாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு டவுனுக்கு நடந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உளவியலில் இந்த நிலைக்கு எரிந்துபோதல் (burnout) என்ற பெயர் கிடைத்தது 1974 இல். நியூயோர்க்கின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், ஆர்வம் பொங்க வந்த தொண்டர்கள் சிறிது காலத்துக்குள் எரிந்து அடங்கிய அடுப்பாக ஆவதைக் கண்டு எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு 1981 இல் ஓர் அளவுகோல் செய்தார். அவர் கணக்கில் அதற்கு மூன்று முகங்கள்: இனிக் கொடுக்க உள்ளே எதுவும் இல்லை என்ற வறட்சி, எதிரில் இருப்பவரை ஓர் ஆளாகப் பார்க்காமல் செய்து முடிக்க வேண்டிய வேலையாகப் பார்க்கும் ஒட்டாமை, என்ன செய்தும் பலனில்லை என்ற நினைப்பு. உலக சுகாதார நிறுவனம் இந்தச் சொல்லை இன்றும் வேலைத்தளத்துக்கு மட்டுமே உரியதாக வைத்திருக்கிறது. ஆனால் அயலா பைன்ஸ் என்ற உளவியலாளர் 1996 இல் தம்பதியரிடையே நேரும் எரிந்துபோதலைப் பற்றித் தனி நூலே எழுதினார். வாழ்க்கைக்கு அர்த்தம் தரப்போவது இந்த உறவுதான் என்று நம்பி நுழைந்தவர்களே பெரும்பாலும் எரிந்துபோகிறார்கள் என்பது அவர் கருத்து. பற்றிக்கொண்டது மட்டும்தானே எரிய முடியும்?

இந்தக் கருத்து மலையகத்துக்குப் பொருந்துமா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். எங்கள் பாட்டிமார் கல்யாணத்திடம் அவ்வளவு கேட்டதில்லை. மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், இன்னொரு லயத்துக்குப் போனார்கள். அரிசி இருந்தால் போதும், அடி விழாதிருந்தால் அதிர்ஷ்டம். இன்றைய தம்பதியர் அப்படியல்ல. டியூஷன் வகுப்பிலோ கொழும்புக் கடையிலோ சந்தித்தவர்கள், மாதக்கணக்கில் போனில் பேசி, ஒருவர் மனசை ஒருவர் அறிந்து, வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்கள். இவர்கள் பேச்சையும் துணையையும் எதிர்பார்த்து வந்தவர்கள். வந்து சேர்ந்த இடமோ தாத்தாவுக்கு அளந்து கொடுத்த அதே 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. ஆகவே பைன்ஸ் சொல்வது இங்கே முன்னெப்போதையும்விட இப்போதுதான் பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

முதல் வீட்டின் ஒரு நாளைப் பார்ப்போம். நான்கு மணிக்கு அவள் எழும்புகிறாள். பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையை எழுப்பி, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடுகிறாள். அங்கிருந்து மலைக்கு. இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. காலை நிறுவை, மத்தியான நிறுவை, அந்தி நிறுவை. மத்தியான இடைவேளையில் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க இறங்கி மறுபடி ஏற வேண்டும். தோட்டம் கேட்கும் கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரும்போது முதுகில் விறகுக்கட்டும் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அடுப்பு. அவனுக்குக் கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான்வெட்டு போன்ற வேலைகள். கடினமானவைதான், குளிரில் விரல் விறைக்கும். ஆனால் அளந்து கொடுத்த வேலை என்பதால் பெரும்பாலும் மத்தியானம் ஒரு மணி வாக்கில் முடிந்துவிடும்.

இரண்டு பேரின் நாட்களும் ஒன்றோடொன்று பொருந்தாதது இப்படித்தான். அவன் ஓய்வாக இருக்கும் நேரத்தில் அவள் மலையில். அவள் திரும்பும்போது அவன் ஒன்று டவுனில் அல்லது தூக்கத்தில். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷில்ட் 1989 இல், வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டுக்கு வந்து இரண்டாவது வேலைமுறையைத் தொடங்குகிறார்கள் என்று எழுதினார். தோட்டத்துப் பெண்ணுக்கு விடியலுக்கு முன் ஒன்று, இருட்டிய பின் ஒன்று என்று மலையைச் சேர்த்து மூன்று. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984 இல் வந்தது. அது போராடிப் பெற்ற பெரிய வெற்றி. சம்பளப் பதிவேடான செக்ரோலில் வந்த அந்தச் சமத்துவம் இஸ்தோப்பைத் தாண்டி அடுப்படிக்குள் வரவில்லை. அவள் சம்பளத்தைக் கணவனே போய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் வெகுகாலம் இருந்தது என்பதையும் இங்கே மறக்கக் கூடாது.

உடம்புக் களைப்பு தூங்கி எழுந்தால் தீரும். மனசைத் தேய்ப்பது கவனிக்கப்படாமை. மழையில் அட்டை கடிக்க 20 கிலோ எடுத்தவளிடம் வீட்டில் கேட்கப்படுவது "சோறு ஆகலியா?" என்ற ஒரே கேள்வி என்றால், அது பல வருடம் தொடர்ந்தால், அவள் பதில் சொல்வதை நிறுத்துகிறாள். தட்டை வைக்கிறாள், திரும்பிப் படுக்கிறாள். மாஸ்லாக் சொன்ன ஒட்டாமை இதுதான். அவன் இதை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்பதில்தான் அடுத்த வினை இருக்கிறது. களைத்துப்போய் மௌனமாக இருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை; என்னை மதிக்கவில்லை என்று தோன்றுகிறது. ஏற்கனவே மதிப்பின் பக்கம் புண்பட்டவன் அவன். காலையில் பெரட்டில் பிள்ளைகள் வயதுள்ள ஒருவர் வாயிலிருந்து "டேய்" கேட்டு வந்தவன். குடும்பத்தைத் தன் சம்பளம் மட்டும் தாங்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் ஏறியபோது, இடையில் 2022 இன் விலையேற்றம் அரிசி, மா, பருப்பு எல்லாவற்றையும் அதைவிட உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அவளுடைய களைப்பு ஓயாத வேலையால் வருகிறது என்றால், அவனுடைய களைப்பு தான் எதற்குப் பயன்படுகிறேன் என்ற கேள்வியால் வருகிறது. மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு அவனுக்கு வீட்டில் எந்தப் பொறுப்பும் இல்லை என்று நாமே பழக்கிவைத்திருக்கிறோம். அந்த வெற்று நேரத்தைத் தவறணை நிரப்புகிறது.

இனி அந்தக் காம்பரா. ரீனா ரெப்பெட்டி என்ற உளவியலாளர் 1989 இல், விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு ஊழியர்களின் வீட்டு மாலைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். வேலை நெருக்கிய நாட்களில் அவர்கள் வீட்டில் பேச்சைக் குறைத்து ஒதுங்கினார்கள். துணை அதைப் புரிந்து விட்டுவைத்த இடத்தில் கோபமும் குறைந்தது. அரைமணி நேரம் தனியே உட்கார ஒரு மூலை கிடைத்தால் மனிதர் மறுபடி மனிதராக வருகிறார் என்று நான் இதைப் படிக்கிறேன். லயத்தில் அந்த மூலை எங்கே? மாமியார் கட்டிலில், பிள்ளைகள் பாயில், அடுப்புப் புகை கூரையில். பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரைவரை போய்ச் சேராது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும். ஒதுங்கவும் இடமில்லை, ஒட்டவும் இடமில்லை. கணவன் மனைவிக்குரிய அந்தரங்கம் எல்லாரும் தூங்கிய பிறகு மூச்சடக்கித் திருடும் நேரமாகிவிடுகிறது. சண்டைக்கும் அதே கதிதான். மனசில் உள்ளதைச் சாதாரணக் குரலில் முழுதாகச் சொல்லித் தீர்க்க முடியாது. ஒன்று விழுங்க வேண்டும், அல்லது லயமே கேட்கக் கத்த வேண்டும். விழுங்கிய வருடங்கள் ஒருநாள் கத்தலாக வருகின்றன. மறுநாள் பீலியடியில் நாலு பேர் அதைப் பேசுகிறார்கள். வெட்கத்தில் இருவரும் மறுபடி விழுங்குகிறார்கள்.

தாய்வீடு இல்லாமல்போனதும் ஒரு காரணம், அதை உளவியல் நூல்களில் நான் பார்த்ததில்லை. 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அக்காள் இங்கே, தம்பி கோச்சி ஏறித் தலைமன்னார் வழியாக அங்கே. கோபித்துக்கொண்டு நாலு நாள் போய் இருந்துவிட்டு வர ஒரு வீடு, பேசித் தீர்க்க ஓர் அண்ணன், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒரு தாய் என்று இருந்த தாங்குகட்டைகளை அந்தக் காகிதம் பல குடும்பங்களிலிருந்து பிடுங்கியது. ஒரு கல்யாணத்தை இரண்டு பேர் மட்டும் தாங்குவதில்லை. தாங்குகிறவர்கள் போனபின் முழுப் பாரமும் அந்த இரண்டு பேர் மேல் இறங்கியது. அடுத்த தலைமுறைக்கும் அந்த வெறுமை வந்து சேர்ந்திருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் போவோம். அங்கே இடநெருக்கடி இல்லை. ஓர் ஆள் குறைவு. கடன் கட்டவும் வீட்டைத் திருத்தவும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவள், ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறாள். 2013 இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதைத் தடுத்தது. டொலர் இல்லாமல் நாடு தவித்த 2022 இல் அந்த வயதை இரண்டாக இறக்கினார்கள். அந்த வருடம் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியைச் சுற்றியே இந்த விதிகளெல்லாம் வந்தன. கணவனும் மனைவியும் இத்தனை வருடம் எப்படிக் கணவன் மனைவியாக நீடிப்பார்கள் என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை.

குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அந்த வீட்டு வேலையெல்லாம் முடித்து இரவு 11 மணிக்கு அவள் போனை எடுக்கும்போது இங்கே விடிகாலை 1.30. அவன் ஆறரைக்குப் பெரட்டில் நிற்க வேண்டியவன். தூக்கக் கலக்கத்தில் பேசுவது எதைப் பற்றி? "காசு வந்துச்சா?" "வந்துச்சு." "சீட்டுக்குக் கட்டுனீங்களா?" "கட்டியாச்சு." "சின்னவன் சாப்புட்டானா?" "ம்." முதல் வீட்டில் அடுப்படியில் நடக்கும் பேச்சையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரிசி, பேர், கடன், பிள்ளை. ஒரு வீட்டில் இருவரும் இரண்டு அடி தூரத்தில், மற்றதில் கடல் தாண்டி. பேச்சு மட்டும் ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து எழுகிறது. இந்த இரண்டு வீடுகளையும் நான் பக்கத்தில் வைத்ததற்குக் காரணமே இந்த ஒற்றுமைதான். நெருக்கம் கூடியதாலும் மனசு விடும், தூரம் கூடியதாலும் மனசு விடும். கணக்கு அல்லாத ஒரு பேச்சுக்கு நாளில் இடம் இல்லாதபோது இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

ஆனால் போய்ச்சேரும் வழி வேறு. பொலின் பொஸ் என்ற ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இருக்கிறாரா இல்லையா என்று முடிவு தெரியாத இழப்பு மனிதரை எப்படி உறையவைக்கிறது என்று கண்டார். ஆள் உயிரோடு இருந்தும் வீட்டில் இல்லாத நிலைக்கும் அவர் அந்தக் கருத்தை விரித்தார். வெளிநாட்டுக் கல்யாணம் அப்படி ஒரு நிலைதான். மனைவி உண்டு, மனைவி இல்லை. அழவும் முடியாது, பழகவும் முடியாது. அவள் அங்கே எசமானியின் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கிறாள். தன் பிள்ளைக்கு உரிய கொஞ்சல் அங்கே செலவாகிறது. போனில் சிரித்த முகத்தோடு பேச வேண்டும் என்று வைத்துக்கொள்கிறாள், அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று. அவனும் எல்லாம் சரி என்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் இந்தப் பொய்கள் அன்பில் பிறந்தவைதான், சந்தேகமில்லை. இரண்டு வருடம் இப்படிப் பேசிய பிறகு இருவருக்கும் மற்றவரின் உண்மையான முகம் மறந்துபோகிறது என்பதும் உண்மை.

அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவி அனுப்பிய காசைக் குடித்து அழித்தவன் என்ற ஒரே சித்திரம்தான் ஊரில் உலவுகிறது. அப்படிப்பட்டவர்கள் உண்டு. பிள்ளைக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்ட ஆண்களையும் நான் பார்த்திருக்கிறேன். மகள் பெரியவளானபோது யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். "பொண்டாட்டி காசுல டைல்ஸ் போட்டவன்" என்ற பேச்சு அவர்கள் காதில் விழாத நாளில்லை. முதல் வீட்டு ஆணின் அதே புண்தான், தன் மதிப்பு பற்றிய புண். இங்கே அது இன்னும் வெளிச்சத்தில்.

இரண்டில் எது கடினம் என்று கேட்டால், இரண்டாவது என்றே சொல்வேன். முதல் வீட்டில் கோபம் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றின்மேல் வருகிறது: அவன் தண்ணீர் பிடிக்கவில்லை, அவள் பேசவில்லை. கண்ணால் கண்டதை ஒருநாள் கேட்கலாம், திருத்தலாம். இரண்டாவது வீட்டில் கோபம் கற்பனையின்மேல் வருகிறது: போன் எடுக்காத அந்த ஒரு மணி நேரம் என்ன நடந்தது? ஊர்ப்பேச்சு அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. மேலும் முதல் வீட்டின் சோர்வு வெளியே தெரியும். வெடித்த சிமெந்து மாதிரி. இரண்டாவது வீட்டின் சோர்வு டைல்ஸுக்குக் கீழே கிடக்கிறது. வசதி வந்த குடும்பம் என்று எல்லாரும் பார்ப்பதால், மனசு விட்டுப்போச்சு என்று சொல்லக்கூட அவர்களுக்கு உரிமையில்லாததுபோல் ஆகிவிடுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பயத்தில் வாய் மூடியிருப்பதும் மனசு விட்டுப்போய் வாய் மூடியிருப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அடி விழும் வீட்டில் இருப்பது சோர்வு அல்ல, அங்கே பேச வேண்டியது பாதுகாப்பு பற்றி. அதற்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. தோட்டத் தலைவர் வீட்டுத் திண்ணையில் நடக்கும் பஞ்சாயத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "விட்டுக்கொடுத்துப் போம்மா" என்று அவளிடமே சொல்லி அனுப்புவது எனக்குத் தாங்க முடியாத ஒன்று. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தானே மனசும் விட்டுப்போனது?

அடி இல்லாத வீடுகளில், இருவருக்கும் இன்னும் ஒட்ட விருப்பம் இருக்கும் வீடுகளில், மருந்து ஒன்றல்ல. முதல் வீட்டுக்குத் தேவை நேரமும் சுவரும். மத்தியானம் ஒரு மணிக்கு வரும் ஆண், பிள்ளையைக் கூட்டிவந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து வைத்தால் அந்தி ஐந்து மணியின் முகமே மாறும். செய்கிற இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார்கள், பக்கத்து வீட்டான் சிரிப்பான் என்று. இந்திய உதவியோடும் அரசாங்கத் திட்டத்திலும் 7 பேர்ச் காணியில் எழும்பிய தனிவீடுகளில் இரண்டு அறைகள் உண்டு. அந்த வீடுகளைச் சுகாதாரத்துக்காகவும் உரிமைக்காகவும் கேட்டோம், சரிதான். கணவனும் மனைவியும் சாதாரணக் குரலில் பேசிக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்றும் கேட்டிருக்க வேண்டும். லயத்திலேயே இன்னும் இருக்கிறவர்களின் எண்ணிக்கை சிறியதல்ல.

இரண்டாவது வீட்டுக்கு வேறு பணி. அங்கே கடினமான நாள் பிரிவு நாளல்ல, அவள் திரும்பி வரும் நாள். கட்டுநாயக்காவிலிருந்து வேன் பிடித்து, பெட்டிகளோடு விடியற்காலையில் வந்து இறங்குகிறாள். லயமே கூடி நிற்கிறது. கூட்டம் கலைந்த பிறகு வீடு அமைதியாகிறது. பிள்ளை எதற்கும் அப்பாவைப் பார்க்கிறது, பாட்டியைப் பார்க்கிறது, அவளைப் பார்ப்பதில்லை. அவனோ ஐந்து வருடம் தன் கையில் ஓடிய வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறான். அவள் தேத்தண்ணி போட அடுப்படிக்குள் போகிறாள். அவள் காசில் கட்டிய அடுப்படி. அவள் இதுவரை நிற்காத அடுப்படி. ஒவ்வொரு டின்னாகத் திறந்து மூடுகிறாள்.

"சீனி எங்க இருக்கு?" என்று கேட்கிறாள், யாரிடம் என்றில்லாமல்.

அவன் உள்ளே வந்து, மேல்தட்டிலிருந்து எடுத்து, கையில் கொடுக்கிறான். உடனே வெளியே போகவில்லை. தண்ணீர் கொதிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நிற்கிறார்கள்.